இவருடைய அணியை நிறுத்திய வருஷம்

1

போன வாரம் கல்லூரியிலிருந்து ஒரு வானில் இரண்டு பேர் வந்து எங்கள் கராஜில் இருந்த சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். கோல் வலைகள், பந்துப் பைகள், துவைத்து மடித்து இலக்க வரிசையில் அடுக்கியிருந்த சட்டைகள். வந்தவர்களில் மூத்தவர் வான் கதவைச் சாத்திவிட்டு, "அணியைப் பற்றிக் கேள்விப்பட்டேன், மனவருத்தமாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் "பரவாயில்லை" என்றேன். அவருக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்த நேரம் என் கணவர் வேலையில் இருந்தார். தான் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அவர்களை வரச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

இவர் ரொறன்ரோவில் ஒரு கல்லூரிப் பெண்கள் உதைபந்தாட்ட அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளராக எட்டு வருஷம் இருந்தவர். ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசல்ல. ஒருமுறை யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் சித்தி ரெலிபோனில், "உன்ரை மனுசனுக்கு ஏதோ பெரிய வேலை கிடைச்சிருக்காம்" என்று கேட்டார்.

"ஓம் சித்தி. கோச்சாய்ப் போட்டிருக்கினம்."

"கோச்சியோ? ஏன் பிள்ளை, இவ்வளவு காலம் கழிச்சுக் கோச்சி ஓட்டப் போறாரோ?"

எங்களுக்குக் கோச்சி என்றால் ரயில். நான் சிரித்துவிட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பழக்குகிற வேலை என்று சொன்னேன். சித்தி அதை ரியூசன் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் ஒழுங்கையில் உள்ள அத்தனை பேருக்கும் என் கணவர் கனடாவில் கணக்குப் படிப்பிக்கிறார் என்று தெரிந்திருந்தது. நான் அதைத் திருத்தவில்லை. கணக்கு வாத்தியார் என்றால் ஊரில் மரியாதை.

உண்மையில் இங்கே கல்லூரி என்பது பல்கலைக்கழகத்துக்கு ஒரு படி கீழே. தொழிற்படிப்புகள் படிக்கும் இடம். பேருக்குத் தலைமைப் பதவியாக இருந்தாலும், அங்கே பயிற்றுவிப்பவர் அநேகமாகப் பகுதிநேர ஆள். இவருடைய சோறு போடும் வேலை மிசிசாகாவில், விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில். விடியற்காலை அங்கே பெட்டி ஏற்றிவிட்டு, பின்னேரம் நெடுஞ்சாலையில் கிழக்கே முழு நகரத்தையும் கடந்து வந்து, மைதானத்துக் கார்த் தரிப்பிடத்தில் உடுப்பு மாற்றுவார். பிறகு விசிலைக் கழுத்தில் போட்டுக்கொள்வார். அதுவரைக்கும் அவரை எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதன் பிறகு கோச்.

2

ஊரில் இவர் இடதுபக்க முன்வரிசை ஆட்டக்காரர். பள்ளிக்கூட அணியிலும் பிறகு ஊர்க் கழகத்திலும் விளையாடியவர். அந்தக் கதைகளை நான் கலியாணம் முடித்து இங்கே வந்த பிறகு இவருடைய சிநேகிதர்களிடம்தான் கேட்டேன். அவர்கள் சொல்லச் சொல்ல இவருடைய கோல்களின் தொகை கூடிக்கொண்டே போகும்.

அகதியாக வந்து, உணவகக் குசினியில் கோப்பை கழுவி, பிறகு சரக்குக் கொட்டகையில் நிரந்தரமானார். ஞாயிறுகளில் ஸ்காபரோப் பூங்காக்களில் எங்களுடைய ஆட்களோடு விளையாடினார். முழங்கால் போனதும் விளையாட்டை நிறுத்தி, பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கத் தொடங்கினார். அதற்கும் இங்கே பயிற்றுவிப்பாளர் பத்திரம் வேண்டும். ஒவ்வொரு படியாக வகுப்பு, செய்முறை, எழுத்துப் பரீட்சை. செய்முறையில் முதல் தரம். எழுத்தில் இரண்டுமுறை தவறினார். "பந்தைக் காலிலை தந்தால் காட்டுவன். பேப்பரிலை எப்பிடிக் காட்டுறது?" என்று என்னிடம் கோபித்தார். மூன்றாம் முறை எங்கள் மகள் ஆரணி, அப்போது ஒன்பது வயது, சாப்பாட்டு மேசையில் வைத்து அவருக்குக் கேள்வி கேட்டுப் பழக்கினாள்.

பிறகு பொலிஸ் சான்றிதழ். இளம் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு அது கட்டாயம், சரியான காரியமும்கூட. இவருடைய பிறந்த திகதியில் பிறந்த யாரோ ஒருவருடைய பழைய குற்றப் பதிவு ஒன்று இருக்கிறதாம். அதனால் அது தான் அல்ல என்று நிரூபிக்க இவர் கைரேகை கொடுக்க வேண்டும். சான்றிதழ் புதுப்பிக்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டும். முதல்தரம் போய்விட்டு வந்து கை கழுவாமல் வெகுநேரம் கதிரையில் இருந்தார். ஊரில் வேறு காரணத்துக்காக, வேறு சீருடைகளுக்கு முன்னால் கைரேகை கொடுத்த மனிதர். அடுத்த தடவைகளில் அதுவும் பல் வைத்தியரிடம் போவது மாதிரியாகிவிட்டது.

அந்தக் கல்லூரியில் முதலில் உதவியாளராகச் சேர்ந்தார். தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். ஒரு ஓகஸ்ட் மாதம், பருவம் தொடங்க இரண்டு கிழமை இருக்கும்போது, அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். "ஆள் தேடும் வரைக்கும் நீ பார்த்துக்கொள்" என்று இவரிடம் சொன்னார்கள். பிறகு அவர்கள் ஆள் தேடவேயில்லை. இவர் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஆன கதை இவ்வளவுதான். நியமனக் கடிதம் பருவம் முடிந்த பிறகு வந்தது.

இவருடைய ஆங்கிலம் மைதானத்துக்குப் போதும். எதிராளியோடு ஒட்டி நில் என்பதற்கு ஆண்கள் அணியில் பழகியபடி, "மாக் யுவர் மான்!" என்று கத்துவார். எதிரணியிலும் பெண்கள்தானே. பிள்ளைகள் திரும்பி, "கோச், இஞ்சை ஒரு மானும் இல்லை" என்று அவருடைய தமிழ் மாதிரியே இழுத்துச் சொல்வார்கள். ஜமேக்காப் பிள்ளை ஒருத்திதான் அந்தத் தமிழ் வசனத்தை முதலில் பழகியவள்.

3

ரெபேக்கா வந்தது இவர் தலைமை ஏற்ற அந்த முதல் வருஷம். சென்னை வியாசர்பாடி. தகப்பன் ரயில்வேயில் வேலை. உடற்பயிற்சித் துறை படிக்க மாணவ விசாவில் வந்திருந்தாள். இரவல் பூட்ஸோடு அணித் தேர்வுக்கு வந்தவள், பந்து காலில் பட்டதும் வேறு ஆளாக மாறினாள் என்று இவர் அன்று பின்னேரம் எனக்குச் சொன்னார். தன்னுடைய பழைய இடத்தில், இடது பக்கத்தில், அவளைப் போடப் போவதாகவும் சொன்னார். அதோடு தமிழ்ப் பிள்ளை. இவருக்குக் கால் நிலத்தில் படவில்லை.

முதல் போட்டி எங்கள் மைதானத்தில். நான் தோடம்பழம் வெட்டிக்கொண்டு போயிருந்தேன். இவர் விளையாடப் போகிற பேர்களை வாசித்துவிட்டு, ரெபேக்காவைப் பார்த்து, "பிள்ளை, நீர் வெளிக்கிடும்" என்றாராம். கொஞ்ச நேரத்தில் நடுவர் விசில் ஊதத் தயாரானபோது இடது பக்கத்தில் ஆளைக் காணவில்லை. உடுப்பு மாற்றும் அறையிலும் இல்லை. நான் தெருப் பக்கம் போய்ப் பார்த்தேன். பஸ் தரிப்பிடத்தில் பையோடு நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ளை இஞ்சை நிக்கிறீர்?"

"சார்தான் ஆன்ட்டி, எல்லார் முன்னாடியும் வெளிய போன்னு சொல்லிட்டாரு. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பை அடக்கமுடியவில்லை. "அய்யோ பிள்ளை, வெளிக்கிடு எண்டால் உடுப்பை மாத்திக்கொண்டு ஆயத்தமாகு எண்டு அர்த்தம். உம்மைத்தான் முதல் இறக்கப் போறார்."

அவள் மூக்கைத் துடைத்தாள். "அப்போ வெளிய போன்னா உங்க ஊர்ல எப்படிச் சொல்லுவீங்க?"

"'போ வெளியிலை' எண்டுதான்."

"அது மட்டும் ஒழுங்கா சொல்லுவீங்களா?" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அன்று அவள் கோல் ஒன்றும் போடவில்லை. இரண்டுமுறை ஓஃப்சைட்டில் பிடிபட்டாள். ஆனால் அந்த வருஷத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். வோபர்னில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளி, ஒரு நிலக்கீழ் வீட்டில் வேறு மாணவிகளோடு இருந்தாள். என்னுடைய கணவாய்க் கறியை மூன்றாந்தரம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே எங்கள் பேச்சைக் கிண்டல் பண்ணுவாள். "சார் என்னை நீர், உமக்குங்கறாரு. ராஜா காலத்து நாடகம் மாதிரி இருக்கு ஆன்ட்டி." சார் என்பது மற்றப் பிள்ளைகளைப் பார்த்து மெல்ல மெல்லக் கோச் என்று மாறியது. மூன்றாம் வருஷம் அவளை இவர் அணித்தலைவியாக்கினார்.

ஆரணி அதற்குள் உதைபந்தாட்டத்தை விட்டுவிட்டாள். நன்றாக விளையாடியவள். பதின்மூன்று வயதில் ஒருநாள் பூட்ஸைக் கராஜில் வைத்துவிட்டு வந்து சொன்னாள்: "அம்மா, கோச் இன் த கார், கோச் அற் த ஃபீல்ட், தென் கோச் அற் டின்னர். ஐ ஜஸ்ற் வோன்ற் அன் அப்பா." இவர் மேல்மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் விளையாட்டைப் பற்றி அவளிடம் ஒரு சொல் கதைக்கவில்லை. வேறு என்ன கதைப்பது என்றும் அவருக்குத் தெரியவில்லை. அவர்கள் இருவரும் காலநிலையைப் பற்றிக் கதைக்கப் பழகிக்கொண்டார்கள்.

4

அந்த மூன்றாம் வருஷம் மாகாண இறுதிப் போட்டிவரை போனார்கள். அந்தக் கல்லூரிப் பெண்கள் அணி அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல்தடவை. கடைசித் தடவையும் அதுதான்.

வடமேற்கே ஒரு சிறிய நகரம். கையுறைக்குள்ளும் விரல் விறைத்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். இரண்டாம் பாதியில் ரெபேக்காவுடைய கணுக்கால் மடங்கியது. பட்டி சுற்றிக்கொண்டு திரும்பவும் ஓடினாள். மேலதிக நேரத்தில் அவள் நொண்டுவது எனக்கே தெரிந்தது. முடிய ஒருசில நிமிஷம் இருக்கும்போது இவர் அவளை வெளியே எடுத்தார். சமநிலையில் முடிந்தால் பெனால்ரி என்கிற தண்ட உதைதான், எங்கள் அணிக்கு அதை அடிப்பவள் அவள். அந்த வருஷம் ஒன்றுகூடத் தவறவிடாதவள். வெளியே போனவர் தண்ட உதை அடிக்க முடியாது.

"கோச், நான் ஓகே. ப்ளீஸ்" என்றாள்.

"இரும்" என்றார். அவ்வளவுதான்.

தண்ட உதையில் தோற்றார்கள். அவளுக்குப் பதிலாக அடித்த பிள்ளை கம்பத்துக்கு மேலால் அடித்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் இவர் முன்னால் எழும்பி நின்று எல்லோருக்கும் நன்றி சொன்னார். ரெபேக்கா கடைசி ஆசனத்தில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தாள்.

அடுத்த கிழமை, நான் கறி கொடுத்துவிட்ட சட்டியைத் திருப்பித் தர வீட்டுக்கு வந்தாள். இவர் இல்லாத நேரம். கதவடியில் நின்றபடி, "அவரு என்கிட்ட ஒரு வார்த்தை பேசல ஆன்ட்டி" என்றாள்.

"பேசாதது நல்லதுதானே பிள்ளை. பேசியிருந்தால் உமக்கு இன்னும் மனவருத்தமாயெல்லோ இருக்கும்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது. கதைப்பதுதான் அவள் சொல்லும் பேசுவது. நான் அதைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுதாள். "உங்க தமிழ் எனக்கு ஒத்தே வராது" என்றாள்.

பின்னேரம் இவரிடம், "அந்தப் பிள்ளையோடை ஒருக்காக் கதையுங்கோ" என்றேன்.

"என்னத்தைக் கதைக்கிறது? கால் வீங்கிக் கிடந்தது. விட்டிருந்தால் ஒரு வருஷம் நடந்திருக்க மாட்டா."

"அதைத்தான் சொல்லுங்கோ."

"அவவுக்குத் தெரியும்."

அவர் சொல்லவில்லை. வசந்தத்தில் அவள் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டாள். ஒவ்வொரு நத்தாருக்கும் எனக்கு மட்டும் ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து வரும். கடைசியில் "கோச் எப்படி இருக்காரு?" என்று இருக்கும். நான் அதை இவருக்கு வாசித்துக் காட்டுவேன். "சுகமாய் இருக்கிறன் எண்டு எழுதும்" என்பார்.

5

பிறகு வந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சில வருஷம் வென்றார்கள், பல வருஷம் தோற்றார்கள். ஒவ்வொரு ஆனி மாதமும் ஒற்றை வரி மின்னஞ்சலில் இவருடைய பதவி இன்னொரு வருஷத்துக்கு நீடிக்கப்படும். விளையாடிய பிள்ளைகளின் கலியாணங்களுக்குப் போனோம். அணியில் பாதிக்கு மேல் வெளிநாட்டு மாணவிகள். பஞ்சாப், நைஜீரியா, பிரேசில், கேரளம். எங்கள் குசினியில் உறைப்பின் அளவு குறைந்ததும் கூடியதும் அவர்களைப் பொறுத்துத்தான்.

பிறகு அரசாங்கம் மாணவ விசாக்களைக் குறைத்தது. இது நல்லதா கெட்டதா என்று இங்கே எங்கள் ஆட்களே பிரிந்து நின்று வாதாடுகிறார்கள். வீட்டு வாடகை, வேலை, எல்லாம் அதில் சேர்ந்துவிடும். எனக்குத் தெரிந்தது, கல்லூரிக்குப் பிள்ளைகள் வருவது குறைந்தது, படிப்புகளை ஒவ்வொன்றாக மூடினார்கள் என்பதுதான். போன வருஷம் கோடை தொடங்கியபோது விளையாட்டுத் துறையின் பொறுப்பாளர் இவரைக் கணினித் திரையில் கூப்பிட்டுக் கதைத்தார்.

இரவுச் சாப்பாட்டில் இவர் சொன்னார். "இந்தப் பருவம் விளையாடலாமாம். அதுக்குப் பிறகு ரீமை பவுஸ் பண்ணுகினமாம், கொஞ்சக்காலம் நிப்பாட்டி வைக்கினமாம்."

ஆரணி கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா, தே ஆர் கட்டிங் இற்."

"கட் எண்டு சொல்லேல்லை. பவுஸ்."

"பவுஸ் எண்டு சொன்னால் ஒருத்தரும் கத்த மாட்டினம். தற்ஸ் வை."

"படத்தைப் பவுஸ் பண்ணினால் திரும்ப ஓடுந்தானே" என்று சொன்னார். ஆரணி எழும்பிப் போய் அவருக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். அவள் அப்படிச் செய்கிறவள் அல்ல.

கடைசிப் பருவம் என்று தெரிந்ததும் நல்லாய் விளையாடுகிற இரண்டு பேர் வேறு கல்லூரிகளுக்கு மாறினார்கள். இவர்தான் அவர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். இன்னொருத்தியின் படிப்பே மூடப்பட்டது. ஐப்பசி நடுப்பகுதியில் மாற்றுக்கு இறக்க ஆளில்லை. கடைசிப் போட்டியில் எங்கள் பக்கம் ஒன்பது பேர் மட்டுமே நின்றார்கள். எதிரணி பட்டியலில் முதலிடம். அவர்கள் எத்தனை கோல் போட்டார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை. முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போதுகூட இவர் கோட்டோரம் நடந்து, பந்து எறியப்போன பிள்ளையிடம், இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விளையாட்டு முடிந்து நான் கொண்டுபோன றோல்ஸ் எல்லாவற்றையும் பிள்ளைகள் நின்ற நிலையிலேயே சாப்பிட்டார்கள். அழுகையும் படமெடுப்பும் முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டைகளை எல்லாம் மெசினில் போட்டார்.

"நாளைக்குக் கழுவலாந்தானே" என்றேன்.

"சேறு காய்ஞ்சால் போகாது."

பருவ இறுதி அறிக்கை ஒன்று கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். அணியை நிறுத்தினாலும் அறிக்கை கட்டாயமாம். அதில் 'அடுத்த பருவத்துக்கான இலக்குகள்' என்று ஒரு பெட்டி. வெறுமையாக விட்டால் படிவம் போகமாட்டேன் என்றது. யோசித்து யோசித்து, 'விளையாடுவது' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார்.

6

அந்தக் குளிர்காலம் இரண்டு இடத்துக்கு விண்ணப்பித்தார். ஓரிடத்தில் பதிலே இல்லை. மற்ற இடம், தாங்கள் வேறு திசையில் போகத் தீர்மானித்திருப்பதாக எழுதியது. "எந்தத் திசையாம்?" என்று என்னைக் கேட்டார். இங்கே மாட்டேன் என்று சொல்ல அவர்களிடம் எத்தனையோ வழி இருக்கிறது. ஒன்றிலும் மாட்டேன் என்ற சொல் இருக்காது.

எனக்கு அந்தக் குளிர்காலம் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நான் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறு எனக்கு லீவு. அந்த எட்டு வருஷமும் கோடை முடிவிலிருந்து பனி விழும்வரை எங்களுக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இருந்ததில்லை. குளிர்காலத்திலும் ஏதாவது பயிற்சி, ஆள் தேடல். இப்போது இருவரும் சேர்ந்து மீன் வாங்கப் போனோம். பகலில் படுத்தோம். ஒருநாள் எந்தக் காரணமும் இல்லாமல் ஏரிக்கரைக்குப் போய்க் காருக்குள் இருந்து ஐஸைப் பார்த்தோம். இவர் சந்தோஷமாக இருந்தார் என்று சொல்லமாட்டேன். பக்கத்தில் இருந்தார்.

மாசி மாதம் ரெபேக்கா கூப்பிட்டாள். மதியச் சாப்பாட்டு நேரம், கடைக்குப் பின்னால் நின்று கதைத்தேன். இவ்வளவு காலத்தில் அவள் நிரந்தர வதிவிடம் எடுத்து, பிரம்டனில் சிறுமிகள் கழகம் ஒன்றில் பழக்கி, இவர் எடுக்காத படிகளின் பத்திரங்களையும் எடுத்திருந்தாள். விமான நிலையத்துக்கு மேற்கே உள்ள ஒரு கல்லூரி அவளைப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளராக நியமித்திருந்தது. அந்தக் கல்லூரி அணியை நிறுத்தவில்லை.

"ஆன்ட்டி, எனக்கு அசிஸ்டென்ட் ஒருத்தர் வேணும். கோச் கிட்ட கேக்கலாமா? தப்பா எடுத்துக்குவாரா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் கேட்கவில்லை. முதல் நாள் இவர் நல்ல மனநிலையில் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் சனிக்கிழமை. மீன்கடை வரிசையில் நிற்கும்போது, ஒரு தகப்பனோடு வந்த சின்னப் பிள்ளை ஒரு எலுமிச்சம்பழத்தைத் தவறவிட்டது. அது உருண்டு வந்தது. இவர் குனியவில்லை. காலால் நிறுத்தி, சப்பாத்து நுனியால் தூக்கிக் கையில் பிடித்துப் பிள்ளையிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளை போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாங்கள் வாங்க வேண்டிய விளைமீன் முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். காருக்குள் ஏறியதும் சொல்லிவிட்டேன்.

"அவவுக்குக் கீழை நான் அசிஸ்ரன்ரோ?"

"ஓம்."

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளி றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் இவருடைய தமையனையும் மனைவியையும் கண்டோம். நான் அந்த அக்காவிடம் சொன்னது அன்னதான வரிசை நகர்வதற்குள் அண்ணையிடம் போய்விட்டது.

"என்னடா தம்பி, தலையிலை இருந்து வாலுக்கோ?" என்றார் அண்ணை. "அதுவும் உன்னட்டைப் பழகின பெட்டைக்குக் கீழை. ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"ஆக்கள் என்னைக் கோச்சி ஓட்டுறன் எண்டு நினைச்சவை அண்ணை" என்றார் இவர். அண்ணைக்கு விளங்கவில்லை. எனக்கு அந்தப் பதில் பிடித்தது. ஆனால் காரில் வரும்போது இவர் ரேடியோவைப் போடுவதும் நிறுத்துவதுமாக வந்ததிலிருந்து, அண்ணையின் சொல் போய்த் தைத்திருக்கிறது என்று தெரிந்தது.

அவளைச் சந்தித்தது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில். இவர் வேலை முடிந்து சீருடையோடு வந்தார். ரெபேக்கா எழும்பி நின்றாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். கொஞ்ச நேரம் என்னோடுதான் இருவரும் கதைத்தார்கள். பிறகு இவர் கோப்பியைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்.

"அண்டைக்கு உம்மை வெளியிலை எடுத்தது பிழையெண்டு இப்பவும் நினைக்கிறீரோ?"

அவள் தயங்கவில்லை. "ஆமா கோச். தப்புதான். நான் ஒத்தக் கால்ல நின்னு அடிச்சிருப்பேன்."

"நான் இப்பவும் எடுப்பன்."

"தெரியும். போன மாசம் எங்க கிளப்ல ஒரு பொண்ணை நானும் அதே மாதிரி எடுத்தேன். அவ அம்மா என்னைத் திட்டித் தீர்த்துட்டாங்க." சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "எடுத்தது பத்தி இல்ல கோச். அப்புறம் நீங்க வந்து ஏன்னு சொல்லியிருக்கணும். பஸ்ல ஆறு மணி நேரம். ஒரு தடவை பின்னாடி வந்திருக்கலாம்."

இவர் மேசையைப் பார்த்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தும் தெரியவில்லை.

"வந்திருக்கவேணும்தான்" என்றார்.

அவள் தலையாட்டினாள். "என்கிட்ட வந்தா அது ஒண்ணுதான் கண்டிஷன். எந்தப் பொண்ணை வெளிய எடுத்தாலும் அன்னைக்கே அவகிட்ட போய்ப் பேசணும்." என்னைப் பார்த்துத் திருத்தினாள். "கதைக்கணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று விடைபெற்றார். நெடுஞ்சாலையில் வரும்போது, "திரும்பவும் கைரேகை குடுக்கவேணும்" என்றார். அப்படித்தான் அவர் முடிவெடுத்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் சனிக்கிழமைகள் போயின. நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோபமா என்று கேட்டார். இல்லை, நித்திரை வருகிறது என்றேன்.

ஆரணியிடம் சொன்னபோது அவளுக்கு அதில் என்ன விஷயம் இருக்கிறது என்றே விளங்கவில்லை. "ஷீ இஸ் த ஹெட் கோச், யூ ஆர் த அசிஸ்ரன்ற். ஸோ?" என்றாள். பிறகு, "என்ன கலர் ஜாக்கெற்?" என்று கேட்டாள். பச்சை என்றார். பச்சை அப்பாவுக்குப் பொருந்தும் என்றாள்.

7

இந்தச் செவ்வாய்க்கிழமை முதல் பயிற்சி. இவருடைய கார் திருத்துமிடத்தில் நின்றதால் நான் வேலையிலிருந்து நேரத்தோடு வெளிக்கிட்டு, கொட்டகையில் இவரை ஏற்றிக்கொண்டு போய் மைதானத்தில் விட்டேன். திரும்பி வர மனமில்லை. காரை வேலியோரம் நிறுத்தி உள்ளே இருந்து பார்த்தேன்.

ரெபேக்கா நடுவில் நின்று கையில் ஒரு பலகையோடு வேறு யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இன்னும் சப்பாத்துக் கட்டி முடியவில்லை. இவர் பச்சை ஜாக்கெற்றோடு, ஒரேஞ்ச் நிறக் கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கையில் அடுக்கிக்கொண்டு, கோட்டிலிருந்து நடந்து நடந்து ஒவ்வொன்றாக வைத்தார். எத்தனையோ வருஷமாக வைக்கிற கூம்பு. அளந்து பார்க்கத் தேவையில்லை. ஒரு வரிசை வைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

ரெபேக்கா வந்து பார்த்தாள். முதல் கூம்பை எடுத்து, இரண்டடி உள்ளே தள்ளி வைத்தாள். இவரிடம் ஏதோ சொன்னாள், கையால் கோல் பக்கத்தைக் காட்டினாள். தூரத்தில் இருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் போய்விட்டாள்.

இவர் அந்தக் கூம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து இரண்டாவது கூம்பை எடுத்து இரண்டடி உள்ளே வைத்தார். மூன்றாவதையும் வைத்தார். வரிசை முடியும்வரை அப்படியே போனார்.